பத்து நிமிடத் தாமதம், ஒன்பது நாள் லீவு, இரவு ஒன்பதரை வரை வீட்டுப்பாடம்: எங்கே ஆரம்பிப்பது?

காலைப்பனி எழுதியது:

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. நேற்றுப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதுவரை நடந்த 80 பள்ளி நாட்களில் 9 நாள் வரவில்லை, 23 நாள் தாமதம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரோ தப்பாகக் கணக்கெடுத்துவிட்டார்கள் என்று டைரியையும் போனில் அனுப்பிய செய்திகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்தேன். அவர்கள் கணக்கு சரிதான். கடிதம் வருவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நாலு நாள் லீவு, ஏழெட்டு நாள் தாமதம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தாமதம் என்றால் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. வீட்டில் நடப்பது இதுதான்: மாலையில் வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்தால் ஒன்பதரை வரை இழுக்கிறது. பாதி நேரம் அழுகை. பத்து மணிக்குத் தூங்குகிறவளைக் காலையில் எழுப்ப முடியவில்லை. கணவருக்குக் காலை ஷிப்ட், ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். இடுப்பில் இரண்டு வயதுச் சின்னவன். சில நாள் எழுந்ததுமே "வயிறு வலிக்குதும்மா" என்கிறாள். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, சரி இன்றைக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இரண்டு கேள்விகள். ஏழு வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிடம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா? இந்த வயதில் வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம் நியாயம்? அடுத்த வாரம் டீச்சரைப் பார்க்கப் போகிறேன். தயாராகப் போக வேண்டும்.

சிறுகுடை எழுதியது:

தோழி, அந்தக் கடிதம் கையில் வந்தால் மனசு எப்படி ஒடிந்துபோகும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கும் போன வருடம் வந்தது. ஆனால் நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் வகுப்பில் என்ன போய்விடப் போகிறது? என் பெரியவன் சின்ன வகுப்பில் நிறைய லீவு போட்டவன்தான். இப்போது எட்டாம் வகுப்பு, நன்றாகவே படிக்கிறான். பெரிய வகுப்பு வரும்போது கண்டிப்பாக இருந்தால் போதும்.

கரும்பலகை எழுதியது:

நான் 19 வருடமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சிறுகுடை சொல்வதை நிறைய பெற்றோர் நல்ல மனதோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் மகன் நன்றாகப் படிப்பதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் சின்ன வகுப்புதானே என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எட்டாம் வகுப்பு மாணவனுக்கு ஒரு நாள் போனால் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வான். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த வழி இல்லை. அன்றைக்கு வகுப்பில் ஒரு எழுத்தை எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லி, காற்றில் விரலால் எழுதி, பிறகுதான் நோட்டுக்கு வருவோம். நோட்டில் இருப்பது அதன் கடைசித் துண்டு மட்டும்தான். மறுநாள் வரும் எழுத்து முந்தைய நாள் எழுத்தின் மேல் ஏறி நிற்கும்.

இப்போது பத்து நிமிடத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் முதல் பத்து நிமிடத்தில் என்னென்ன நடக்கிறது தெரியுமா? குழந்தைகள் பையை மாட்டுகிறார்கள், நேற்றைய வீட்டுப்பாட நோட்டை மேசையில் வைக்கிறார்கள். இன்றைக்கு என்னவெல்லாம் செய்யப் போகிறோம் என்று பலகையில் எழுதிச் சொல்கிறேன். அந்த வாரத்து வார்த்தைகளை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம். நேற்றைய கணக்கில் எங்கே தடுமாறினார்கள் என்று ஒன்றிரண்டைப் போட்டுப் பார்க்கிறோம். யார் முகம் வாடியிருக்கிறது, யார் பக்கத்தில் யார் உட்கார மறுக்கிறார்கள் என்று நான் கவனிப்பதும் அந்த நேரத்தில்தான். தாமதமாக வரும் குழந்தைக்கு இத்தனையும் இல்லாமல் போகிறது. கதவைத் திறந்ததும் முப்பது தலைகள் திரும்பும். சில பிள்ளைகள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். சிலர் அன்றைக்கு முழுவதும் வாயே திறக்க மாட்டார்கள்.

கணக்காகவும் பாருங்கள். 23 நாள், சராசரியாக 12 நிமிடம் என்று வைத்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு முழுப் பள்ளி நாள் காணாமல் போயிருக்கிறது, அதுவும் அத்தனையும் ஒரே பகுதியிலிருந்து. அவள் படிக்காத பாடம் எது என்று கேட்டால், வார்த்தை வாசிப்பும் கணக்குத் திருத்தமும் என்று நான் பார்க்காமலே சொல்வேன்.

விடுப்புக்கு ஒரு அளவு சொல்கிறேன். அமெரிக்காவில் பரவலாகவும் இங்கிலாந்திலும் பத்து சதவீத நாட்கள் தவறினால் அதைத் தொடர் விடுப்பு என்று தனியாகக் கவனிக்கிறார்கள். காரணம் காய்ச்சலா ஊருக்குப் போனதா என்று அதில் பிரிப்பதில்லை. பத்து சதவீதம் என்றால் மாதத்துக்கு வெறும் இரண்டு நாள்தான். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. 80 நாளில் 9 நாள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பாதி வருடம் முடிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, அது நல்லது.

சிறுகுடை எழுதியது:

முதல் பத்து நிமிடத்தில் இவ்வளவு நடக்கிறதா! நான் பிள்ளைகள் பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். சரி டீச்சர், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஏழு வயதுக் குழந்தை ஒன்பதரை வரை எழுதினால் காலையில் எப்படி எழுந்திருக்கும்? பள்ளியே தூங்க விடாமல் செய்துவிட்டு, ஏன் தாமதம் என்று பள்ளியே கடிதம் போடுவதா?

நூல்கண்டு எழுதியது:

சிறுகுடை கேட்டதுதான் சரியான கேள்வி. வீட்டுப்பாட ஆராய்ச்சியைக் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இதில் அதிகம் பேசப்படும் பெயர் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர். 1989லும் பிறகு 2006லும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு இருந்தது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகப் பலவீனம், ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அவர் வீட்டுப்பாடத்துக்கு எதிரி இல்லை. வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருகிற நிமிடங்கள் போதும் என்ற வழக்கத்தை ஆதரிப்பவர்தான். இரண்டாம் வகுப்பென்றால் 20 நிமிடம், எல்லாப் பாடமும் சேர்த்து.

நாடுகளும் இதில் முடிவெடுத்திருக்கின்றன. பிரான்ஸ் 1956லேயே தொடக்கப் பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது, நடைமுறையில் அது முழுதாக நின்றுவிடவில்லை என்றாலும். இந்தியாவின் 2020 புத்தகப்பைக் கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான். போலந்தில் 2024 ஏப்ரல் முதல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுதித் தரும் வீட்டுப்பாடத்தை எடுத்துவிட்டார்கள், கையெழுத்துப் பழக்கம் போன்ற விரல் பயிற்சிகள் மட்டும் விலக்கு.

அதனால் காலைப்பனி, டீச்சரிடம் தலைகுனிந்து போகாதீர்கள். உங்கள் பெண்ணுக்கு வேண்டியது வீட்டுப்பாடம் இல்லை, தூக்கம். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9லிருந்து 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல் சொன்னது. பத்து மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தால் குறைந்தபட்ச எல்லையில்தான் நிற்கிறாள்.

கரும்பலகை எழுதியது:

நூல்கண்டு சொன்ன 20 நிமிடத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். என் வகுப்பில் பத்து நிமிட வாசிப்பும் அரைப் பக்க வேலையும்தான் தருகிறேன்.

ஆனால் ஒரு இடத்தில் சந்தேகம் வருகிறது. இரண்டாம் வகுப்புக்கு ஒன்பதரை வரை இழுக்கிற அளவுக்கு யாரும் வேலை தருவது அபூர்வம். காலைப்பனி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்: எத்தனை பக்கம் தருகிறார்கள்? எத்தனை மணிக்கு உட்காருகிறாள்? எழுதுகிற நேரம் எவ்வளவு, அழுகிற நேரம் எவ்வளவு? வேலை குறைவாக இருந்தும் நேரம் இழுத்தால், அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை என்று அர்த்தம். புரியாத வேலைக்கு முன்னால் பெரியவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

விடியல்வண்டி எழுதியது:

நான் அப்பா. தாமதம் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. என் மகன் முன்பு படித்த பள்ளியில் மணி அடித்த பிறகு வருகிற பிள்ளைகளை வாசலிலேயே அரை மணி நேரம் நிறுத்துவார்கள். ஆறு வயதுப் பிள்ளை தானாகவா எழுந்து தானாகவா கிளம்புகிறான்? தாமதம் செய்தது நான், நின்றது அவன். பத்து நிமிடம் போய் நாற்பது நிமிடமாக ஆனதுதான் மிச்சம். அதிலும் அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அபராதம் போடலாம் என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது நான் எதிர்த்தேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு, யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000ல் வெளியிட்டது. மாலையில் பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை "ஐயோ, டீச்சர் காத்திருப்பாரே" என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் காசு கொடுத்தாயிற்று என்று ஆகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய நிலை திரும்பவில்லை.

முழு வருகைக்குச் சான்றிதழ் கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. என் மகளுக்கு ஆஸ்துமா. அவள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அதற்காகவே காய்ச்சலோடு அனுப்பப்படுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம்மணி எழுதியது:

சார், வாசலில் நிறுத்தியதைப் படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

காலைப்பனி, நான் வயிற்றுவலி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் ஒரு வருடம் ஏமாந்தோம். பையன் பொய் சொல்லவில்லை, வலி உண்மையான வலிதான். மருத்துவரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு அவரே எந்தெந்தக் கிழமை வலிக்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். ஆறு வாரம் எழுதினேன். சனி, ஞாயிறு ஒருநாளும் வலிக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு வலி, பத்து மணிக்கு வீட்டில் ஓடி விளையாடுவான். அந்த இரண்டு நாளும் பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பு இருந்தது. கண்ணைப் பரிசோதித்தால் தூரப்பார்வை மங்கல். கண்ணாடி போட்டதும் ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. எல்லாப் பிள்ளைக்கும் கண்ணாக இருக்காது. ஒருவனுக்குக் கழிப்பறை பயமாக இருக்கும், ஒருத்தியை யாரோ கேலி செய்வார்கள். கிழமையை எழுதினால் கதவு திறக்கும்.

உண்மையான நோய்க்கு எங்கள் வீட்டில் வைத்திருக்கும் அளவு: காய்ச்சல் இருந்தால், மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் பள்ளி. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று ஒன்றிரண்டு நாள் கழித்து. வெறும் மூக்கு ஒழுகலுக்கு லீவு இல்லை. வலி என்று மட்டும் சொன்னால் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் சொல்லிவைப்போம், கூடினால் கூப்பிடட்டும் என்று. கூப்பிட்டது மூன்று முறைதான்.

இரட்டைச்சடை எழுதியது:

இன்றைக்கே காலண்டரில் கிழமை குறிக்க ஆரம்பித்துவிட்டேன். நன்றி மூன்றாம்மணி அக்கா.

காலைப்பனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கரும்பலகை டீச்சர் கேட்டதை நேற்றும் இன்றும் கவனித்துப் பார்த்தேன். தருவது ஒரு பக்கக் கணக்கும் எட்டு வார்த்தையும்தான். ஆறரைக்கு உட்காருகிறாள். எழுதுகிற நேரம் மொத்தம் இருபத்தைந்து நிமிடம்கூட வராது. மீதி நேரம் பென்சில் சீவுகிறாள், தண்ணீர் கேட்கிறாள், தம்பியைத் திட்டுகிறாள், பிறகு அழுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து "இப்படிப் போடு" என்றால், "மிஸ் அப்படிச் சொல்லல" என்கிறாள். மிஸ் எப்படிச் சொன்னார் என்று கேட்டால் தெரியவில்லை.

டைரியில் லீவு நாட்களைக் கிழமையோடு எழுதினேன். ஒன்பதில் ஆறு வியாழக்கிழமை.

நூல்கண்டு எழுதியது:

வியாழக்கிழமை என்ன நடக்கிறது என்று கேளுங்கள்!

அப்புறம், கணக்கு தவறாக நினைவிருந்ததற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 28,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2018ல் வெளியிட்டார்கள். அதிக விடுப்பு எடுத்த பிள்ளைகளின் பெற்றோரில் பலர் உண்மையை விடக் குறைவாகவே நினைத்திருந்தார்கள். உங்கள் பிள்ளை இத்தனை நாள் வரவில்லை என்று எண்ணோடு வீட்டுக்குக் கடிதம் போனதும், தொடர் விடுப்பில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. திட்டவில்லை, அபராதம் இல்லை. எண் மட்டும்தான். விடியல்வண்டி சார் சொன்ன சான்றிதழையும் இதே ரோஜர்ஸ் குழு பெரிய வகுப்புப் பிள்ளைகள் 15,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தது. முழு வருகைக்குப் பிறகு திடீரென்று விருது பெற்றவர்கள் அதன்பின் கொஞ்சம் கூடுதலாகவே லீவு போட்டார்கள்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம்தான் பிரச்சினை என்று நான் முதலில் அடித்துச் சொன்னேன். நீங்கள் எழுதிய 25 நிமிடத்தைப் பார்த்தால், அளவு பெரிய தப்பில்லை என்று தெரிகிறது. அவசரப்பட்டுவிட்டேன்.

கரும்பலகை எழுதியது:

டீச்சரைப் பார்க்கப் போகும்போது இதையே சொல்லுங்கள், வரிசை மாற்றாமல். "ஒன்பதில் ஆறு வியாழன். வீட்டில் 25 நிமிட வேலை மூன்று மணி நேரம் இழுக்கிறது. நீங்கள் சொன்ன முறை அவளுக்குத் தெரியவில்லை." இந்த மூன்றையும் கேட்ட எந்த ஆசிரியரும் சும்மா இருக்க மாட்டார். வீட்டுச் சூழ்நிலையையும் சொல்லிவிடுங்கள், சின்னவன், கணவரின் ஷிப்ட் எல்லாம். எங்களுக்குத் தெரியாவிட்டால் அக்கறை இல்லாத வீடு என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படி நினைத்துத் தப்பு செய்திருக்கிறேன்.

வீட்டுப்பாடத்துக்கு ஒன்று கேளுங்கள்: 20 நிமிடம் ஆனதும் எங்கே இருக்கிறாளோ அங்கே ஒரு கோடு போட்டு, நேரத்தை எழுதி, கையெழுத்திட்டு மூடிவிடலாமா என்று. எனக்கு அந்தக் கோடு முழுதாக முடித்த பக்கத்தை விட உதவும், எங்கே மாட்டினாள் என்று அதில் தெரிந்துவிடும். நீங்கள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியும் என்று நான் நம்பிவிடுவேன்.

விடியல்வண்டி எழுதியது:

முடிந்தால் முதல் பேச்சில் குழந்தையை அழைத்துப் போக வேண்டாம் தோழி. அவள் முன்னால் "தாமதம், லீவு" என்று பேசினால் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வாள்.

சிறுகுடை எழுதியது:

போய்விட்டு வந்து கட்டாயம் எழுதுங்கள்.

காலைப்பனி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

டீச்சரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமை டிக்டேஷன். அந்த வாரத்து எட்டு வார்த்தையைத் திங்கள் முதல் புதன் வரை தினமும் காலையில் மணி அடித்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழகுகிறார்கள். கணக்கு எப்படிப் போட வேண்டும் என்று நேற்றையதைத் திருத்திக் காட்டுவதும் அதே நேரத்தில்தான். என் மகள் அந்தப் பத்து நிமிடத்தில் பாதி நாள் இல்லவே இல்லை. வார்த்தை தெரியாமல் வியாழக்கிழமை உட்கார வேண்டும், அதுதான் வயிற்றுவலி. முறை தெரியாமல் மாலையில் உட்கார வேண்டும், அதுதான் ஒன்பதரை. ஒன்பதரை ஆனதால்தான் காலையில் மறுபடியும் தாமதம். கரும்பலகை டீச்சர் பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அவளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

செய்தது மூன்றே மாற்றம். வீட்டுப்பாடம் 20 நிமிடம், அப்புறம் கோடு. டீச்சர் ஒப்புக்கொண்டார். எட்டே காலுக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம், முதல் வாரம் ஒன்பது வரை புரண்டுகொண்டுதான் இருந்தாள். பையும் உடுப்பும் காலணியும் இரவே வாசலருகில். சின்னவனைப் பாதித் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், அவனுக்குச் சாப்பாடு திரும்பி வந்துதான்.

15 பள்ளி நாளில் இரண்டு நாள் தாமதம், ஒரு நாள் லீவு. லீவு உண்மையான காய்ச்சலுக்கு. மூன்று வியாழனும் போனாள். முதல் வியாழன் எட்டில் மூன்று சரி. நேற்று ஆறு.

தாமதமான இரண்டு நாளில் ஒன்று இந்தச் செவ்வாய். வாசலுக்குள் நுழையும்போதே மணி அடித்துவிட்டது. "வார்த்தை ஆரம்பிச்சிருப்பாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு என் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை டீச்சர். கோடு போட்ட கணக்கை மறுநாள் அவள் முடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

கரும்பலகை எழுதியது:

விட்டுவிடுங்கள். உங்கள் டீச்சர் காலையில் அதைத்தான் பலகையில் போடுவார்.